ஒரு முழம் புல்

நான் செய்த முட்டாள்தனங்களை எல்லாம் எழுத உட்கார்ந்தால் ஒரு பாடசாலைக் கொப்பி போதாது. ஆனால் முதல் பக்கத்தில் எதை எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எட்டு மாதச் சினையாக இருந்த ஒரு கிடாரி மாட்டுக்கு நான் பிளாஸ்டிக் புல் கொடுத்தேன். கைதவறி நடந்ததல்ல. சாக்கில் அடைத்து, மேலே இரண்டு பிடி நிஜப் புல்லைத் தூவி, பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த மாடு எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் கணித ஆசிரியன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எங்கள் வீடு லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளைவிட்டு வெளியே வந்தவர்களுக்காகக் கட்டிய தனி வீடுகளில் ஒன்று. வீட்டுக்கு முன்னால் பதினெட்டு அடி நீளமும் பதினோரு அடி அகலமுமாக ஒரு துண்டு நிலம். மற்றவர்கள் அந்த இடத்தில் லீக்ஸ், கரட், போஞ்சி என்று போட்டார்கள். நான் புல் வளர்த்தேன். தோட்டத்துத் துரை பங்களாவுக்கு முன்னால் மட்டும்தான் புல்வெளி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

புல் அழகாகத்தான் வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்து மழைக்குப் புல் நிற்க நேரமில்லாமல் வளரும். வாரத்துக்கு இரண்டு தடவை குனிந்து அறுக்க வேண்டும். குனிந்தால் அட்டை, நிமிர்ந்தால் முதுகு. என் மனைவியும் ஆசிரியைதான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதால் எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவள். "துரைக்குப் புல்லும் இருந்துச்சு, வெட்ட ஆளும் இருந்துச்சு. ஒங்களுக்குப் புல்லு மட்டுந்தான் இருக்கு" என்பாள்.

ஆனால் அந்தப் புல்லுக்கு ஒரு ரசிகை இருந்தாள். கீழ்வீட்டு அக்காவின் கிடாரி.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவர். நாங்கள் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். நான் படித்து ஆசிரியனாகி, ஊரே என்னை 'சேர்' என்று கூப்பிட்டபோதும் அவருக்கு நான் தம்பிதான். அவருடைய கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கு வருவார். அக்கா முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். அவருடைய முதுகு என்னுடையதைப் போல நடிக்கிற முதுகு அல்ல, நிஜமாகவே வலிக்கிற முதுகு. கன்றாக வாங்கி, கையில் வைத்து வளர்த்த கிடாரி சினையானதும் அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். கன்று பிறந்து பால் கறக்கத் தொடங்கினால் தோட்டத்தில் பெயரை வெட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவது. "இது கன்னு போடுற அன்னிக்கு கூடைய எறக்கி வச்சுருவேன் தம்பி" என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்வார். ஆக, அந்த மாட்டின் வயிற்றில் கன்றுக்குட்டி மட்டும் இருக்கவில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் புல்லை அறுத்து உரச் சாக்கு ஒன்றில் அடைத்து எங்கள் கேட்டுக் கம்பியில் மாட்டிவிடுவேன். விடியுமுன்னே தோட்டத்தில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அக்கா அதை எடுத்துப் போய் மாட்டுத் தொட்டியில் கொட்டுவார். சாக்கை மடித்து அதே கம்பியில் போட்டுவிட்டு மலைக்குப் போவார். மடித்த சாக்கின்மேல் சில நாள் ஒரு கட்டு லீக்ஸ் இருக்கும், சில நாள் இரண்டு நோக்கோல் இருக்கும்.

அந்தச் சாக்கில் பகடியும் போய் வந்தது. ஒருமுறை புல்லுக்குள் என் மகளின் பழைய பொம்மையைப் புதைத்து வைத்தேன். தொட்டியில் கை பட்டதும் அக்கா போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அடுத்த நாள் சாக்கு கனமாகத் திரும்பி வந்தது. உள்ளே முழுக்கச் சாணி. மேலே அழகாக ஒரு செவ்வந்திப் பூ.

இப்படி இருக்கும்போது நான் நுவரெலியாவில் ஒரு தேநீர்க் கடை வாசலில் செயற்கைப் புல்லைப் பார்த்தேன். அதன்மேல் நின்று மனிதர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலிலும் அட்டை இல்லை. அது வளராது, காயாது, குனியச் சொல்லாது. ஒரு மாதம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, தவணை விடுமுறை வந்ததும் ஹட்டனில் ஒரு கடையில் சுருளாக வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். "இதுக்கு சீட்டு வேணுமா, இல்ல மடியில வச்சுக்கிறீங்களா சேர்?" என்றார் நடத்துநர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்றேன்."

நிலத்தைச் சுரண்டி, புல்லை வேரோடு பெயர்த்து, கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் கொட்டினேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொல்றேன் என்றேன். சொல்லத்தான் போனேன். அக்கா படிக்கட்டில் நின்று மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர், "தம்பி, வர்ற மாசம் கன்னு போட்டுரும். அதுக்கப்புறம் ஒங்க புல்லுதான் இதுக்குத் தெம்பு. மொத சீம்பாலு ஒங்க வீட்டுக்குத்தான்" என்றார். நான் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராதபோது எனக்குப் பகடி வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் பிளாஸ்டிக் புல்லை விரித்து முடித்தேன். நீளப் பக்கம் ஒன்றில் மட்டும் ஓரம் அதிகமாக இருந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு அதை நெடுகக் கத்தரித்தேன். கத்தரித்த நாடாக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த யோசனை வந்தது. துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் போட்டேன். ஒரு தாளில், 'அக்கா, இனிமே இந்தப் புல்லுதான். அறுக்கத் தேவையில்லை, தீரவே தீராது' என்று எழுதி உள்ளே வைத்தேன். கானோரம் கிடந்த நிஜப் புல்லில் இரண்டு பிடி பிடுங்கி மேலே தூவினேன். அக்கா சாக்கைப் பிரிப்பார், தாளைப் படிப்பார், சிரிப்பார், திட்டுவார், விஷயமும் தெரிந்துவிடும். நான் நேரில் நின்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. என் கணக்கு இதுதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து, திட்டு வாங்கத் தயாராக வெளியே வந்தேன். கேட்டுக் கம்பியில் சாக்கு மடித்தபடி கிடந்தது. அதன்மேல் ஒரு கட்டு லீக்ஸ்.

அந்த லீக்ஸைப் பார்த்த நிமிடம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. சாக்கு வெறுமையாக இருந்தது. சாணி இல்லை, பூ இல்லை, பதில் இல்லை. பகடி புரிந்திருந்தால் லீக்ஸ் வந்திருக்காது. இருட்டில், பனிமூட்டத்தில், பெரட்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அக்கா சாக்கின் வாயில் கைவைத்துப் பார்த்திருக்கிறார். கையில் நிஜப் புல் பட்டிருக்கிறது. அப்படியே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த இரண்டு பிடிப் புல்லை நான்தான் தூவினேன்.

செருப்பில்லாமல் கீழே ஓடினேன். மாடு நின்றுகொண்டிருந்தது. தொட்டியில் கொஞ்சம் கினிப் புல், தண்ணீர், பச்சைத் துண்டுகள். மாட்டின் வாயோரம் ஒரு நாடா தொங்கியது. அது நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நான் நாடாவைப் பிடித்து இழுத்தேன். மாடும் இழுத்தது. பதினைந்து வருடம் ஆசிரியராக இருந்தவன் ஒரு மாட்டிடம், "விடு, தயவுசெய்து விடு" என்று கெஞ்சியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். என் மனைவி மேலே படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாடா எச்சிலோடு கையில் வந்தது. மாடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தொட்டிக்குள் தலையை விட்டது. தொட்டியை அதற்கு எட்டாத தூரத்துக்கு இழுத்தேன்.

மனைவி இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். "மாட்டு டாக்டருக்கு நான் போன்ல கோல் எடுக்கிறேன். அக்காகிட்ட நீங்க போங்க."

"அவங்க வந்த பொறகு பாத்துக்கலாமே?"

"இப்பவே."

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் பறிப்பு. மேட்டில் ஏறி நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது முப்பது பெண்கள் நிரைகளுக்கு இடையே நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னாங்க சேர், லீவு வுட்டதும் கொழுந்தெடுக்க வந்துட்டீங்களா?"

"கூடை இருக்கு, முதுகு இருக்கான்னு கேளுடி."

"செருப்பக்கூட வீட்டுல வச்சுட்டு வந்துருக்காரு, டீச்சரு தொரத்தி விட்டுட்டாங்க போல."

வேறொரு நாள் என்றால் நான் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று வாயில் ஒன்றும் இல்லை. நான் பதில் பேசாததைப் பார்த்து அவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மூன்றாவது நிரையில் அக்கா கையில் கொழுந்தோடு நின்றார்.

"என்னா தம்பி? ஊர்ல யாருக்கும் ஏதாச்சும்..."

"மாட்டுக்கு, அக்கா."

அவர் முகம் மாறியது. நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மேலே தூவிய புல்வரை. சொல்லும்போது நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு சிரிப்பு வேறு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்புத்தான். ஆனால் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டார். தலைக் கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கினார். கங்காணி பக்கத்தில் வந்து, "இப்ப எறங்குனா அரைப் பேருகூட வுழாது, இன்னிக்குச் சம்பளமே இல்ல, தெரியும்ல?" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"வழிய வுடுங்க சேர்."

முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னை முதல்முறையாக 'சேர்' என்று கூப்பிட்டது அன்றுதான்.

இருவரும் கீழே இறங்கினோம். மாட்டுக் கொட்டகையில் அவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் அடியில் கையை விட்டுத் துழாவினார். பிறகு தொட்டியைக் கவிழ்த்தார். பச்சைத் துண்டுகளோடு என்னுடைய தாளும் நனைந்து விழுந்தது. அவர் அதை எடுத்து விரித்தார். மை கொஞ்சம் கரைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தார்.

"அறுக்கத் தேவையில்லை. தீரவே தீராது."

தாளைச் சுருட்டி எறியவில்லை. மடித்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எவ்வளவு தின்னுருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

இதற்குத்தான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. ஒரு கணித ஆசிரியனால் செய்யக்கூடிய ஒரே உதவி. "கண்டுபிடிச்சுரலாம். நீளப் பக்கம் பதினெட்டு அடி. ஒரு பக்கம்தான் வெட்டினேன். ஆக நாடா பதினெட்டு அடி இருக்கணும். இருக்கிறத அளந்து கழிச்சா..."

துண்டுகளைக் கழுவிக் கொட்டகைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தேன். மாட்டின் வாயிலிருந்து இழுத்ததையும் சேர்த்தேன். முழங்காலில் ஊர்ந்தபடி அளவுநாடாவைப் பிடித்தேன். அக்கா பூக்காரியிடம் நிற்பவரைப் போலக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறரை அடி. மறுபடி அளந்தேன். பதினாறரை.

"எவ்வளவு கொறையுது?"

"ஒன்றரை அடி."

"அது எவ்வளவுங்க சேர்?"

"ஒரு முழம்."

அக்கா தன் முழங்கையைப் பார்த்தார். அங்கிருந்து விரல் நுனிவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு மாட்டின் வயிற்றைப் பார்த்தார்.

தொட்டியைச் சுற்றித் தேடினோம். சாணிக் குவியலைக் கிளறினேன், கையால். கான் நெடுகத் தேடினேன். கேட்டிலிருந்து கொட்டகைவரை படிக்குப் படி குனிந்து பார்த்தேன். அந்த ஒரு முழம் எங்கேயும் இல்லை. இல்லையென்றால் அது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் மாட்டு டாக்டர் வந்தார். சிங்களவர், எங்கள் பக்கத்தில் பல வருடம் வேலை செய்தவர், தமிழ் ஓரளவு பேசுவார். நான் நாடாவை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்த?" என்று பாதிச் சிங்களத்தில் கேட்டார்.

"ஓம், மஹத்தயா."

"யார் போட்டது?"

நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் பிடிபட்ட பிள்ளையைப் போல. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் குழாயைக் காதில் மாட்டினார். மாட்டின் இடதுபக்க வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றி மறுபடி கேட்டார். அவர் நெற்றி சுருங்கும்போதெல்லாம் அக்காவின் கை மாட்டுக் கயிற்றை இறுக்கியது.

"சத்தம் கொஞ்சம் கம்மி" என்றார். "சோறு சுத்துற லன்ச் ஷீட் திண்ட மாடு நெறைய பாத்திருக்கிறன். சிலது ஒண்டும் ஆகாது. சிலது வயித்துல அடைச்சு, அசை போடாது, ஊதும். வெட்டி எடுக்கலாம். ஆனா இப்ப வெட்டினா..." கையால் மாட்டின் வயிற்றைக் காட்டினார். "குட்டிக்குக் கஷ்டம்."

"அப்ப என்னாங்க செய்யிறது?" என்றார் அக்கா.

"பாக்கிறது. பின்னேரத்துக்குள்ள அசை போட்டா நல்லது. எடப்பக்கம் ஊதினா ஒடனே கோல் எடுங்க. தண்ணி குடுங்க, வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் போனபிறகு நாங்கள் மூன்று பேரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மாட்டை இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது காதை ஆட்டினால் ஏன் ஆட்டுகிறது என்று தோன்றும். ஆட்டாவிட்டால் ஏன் ஆட்டவில்லை என்று தோன்றும். மாடு படுக்கவில்லை. தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. வாய் அசையவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. ஒரு மணிக்குத் தூறல். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா தொடவில்லை. அது ஆறி, மேலே ஆடை கட்டியது. நான் என் கோப்பையைக் குடித்துவிட்டேன், பிறகு குடித்ததற்காக வெட்கப்பட்டேன்.

இடையிடையே அக்கா எழுந்து இடதுபக்க வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். நானும் எழுந்து நிற்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தால் நானும் உட்காருவேன். இரண்டு மணிக்கு, "ஊதுற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். "நீங்கதான் அளக்கத் தெரிஞ்சவங்க" என்றார். அளவுநாடா இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் மறைத்தேன்.

அந்த இறுக்கம் தாங்காமல் ஒரு பிழை வேறு செய்தேன். "கவலப்படாதீங்க அக்கா, பொறக்கிற கன்னு பச்சையா இருந்தா வெளிநாட்டுக்கு வித்துரலாம்" என்றேன். வாயிலிருந்து வெளியே போனபிறகுதான் எனக்கே அது கேட்டது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா என்னைத் திட்டவில்லை. மாட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"நேத்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சேர். புல்லு இனிமே இல்லக்கான்னு ஒரு வார்த்த. நா என்னா கடிச்சா தின்னுருப்பேன்? கான் ஓரத்துல அறுத்துக்கிட்டு வந்துருப்பேன். முப்பது வருசமா அறுக்காத புல்லா?"

நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் மாடு முன்னங்காலை மடித்தது. அக்கா சட்டென்று எழுந்தார். மாடு முட்டி போட்டு, வயிற்றைச் சரித்து, மெதுவாகப் படுத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. நான் செல்பேசியில் டாக்டரின் எண்ணை எடுத்து விரலை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அக்கா அதன் கழுத்தருகே குந்தினார். தகரத்தில் தூறல் சத்தம் மட்டும்.

முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. அக்காதான் பார்த்தார். மாட்டின் கழுத்துக்குள் ஏதோ ஓர் உருண்டை கீழேயிருந்து மேலே ஏறியது. மாடு வாயைப் பக்கவாட்டில் ஒருமுறை ஆட்டியது. நிறுத்தியது. நாங்கள் காத்திருந்தோம். மறுபடி ஆட்டியது. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிதானமாக, உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல அசைபோடத் தொடங்கியது.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைக் கிள்ளினாள். நல்லவேளை.

ஆனால் அந்த ஒரு முழம் உள்ளேதானே இருந்தது? "குட்டி போடுறவரைக்கும் பாத்துக்கொண்டே இருங்க" என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார். அசைபோடுவது எந்த நாளும் நின்றுவிடலாம். மூன்று வாரம் நான் தினமும் காலையில் கான் ஓரங்களிலும் ரோட்டோரத்திலும் புல் அறுத்துத் தலையில் கட்டாகச் சுமந்து அக்கா வீட்டு வாசலில் போட்டேன். நிஜப் புல்தான் என்று காட்டக் கட்டை அவிழ்த்துவைத்தேன். பாடசாலை திறந்தபிறகும் போட்டேன். பஸ்ஸுக்குக் காத்து உட்கார்ந்திருந்த என் வகுப்புப் பிள்ளைகள் தலையில் புல்லும் கழுத்தில் அட்டையுமாக வந்த தங்கள் கணித ஆசிரியருக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் நான், "அசை போடுதா அக்கா?" என்று கேட்பேன். "போடுது சேர்" என்பார். சேர், சேர், சேர். பாடசாலையில் நாளெல்லாம் கேட்கிற வார்த்தைதான். அங்கே அது வலித்ததில்லை. அக்கா அந்த மூன்று வாரமும் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். காலையில் கூடையோடு அவர் போவதைப் பார்க்கும்போது நான் புல்லுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்று பிறந்தது. காளை அல்ல, கிடாரிதான். பச்சை நிறமும் அல்ல, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த செம்பழுப்பு. தாயும் நன்றாக இருந்தது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், யாரும் உள்ளே கூப்பிடவில்லை. சாயந்தரம் அக்கா ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் சீம்பால் கொண்டுவந்தார். என்னைத் தாண்டிப் போய் என் மனைவியிடம் கொடுத்தார். "இது டீச்சருக்கு." மனைவி அன்றிரவு எனக்கும் ஒரு கரண்டி வைத்தாள். கள்ளச் சாமான் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை பாடசாலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டுப் பிளாஸ்டிக் புல்லைப் பெயர்க்கத் தொடங்கினேன். மூன்று வார மழையில் அது ஏற்கனவே பாசி பிடித்து வழுக்கியது. அடியில் தண்ணீர் தேங்கி நாறியது. மண் வெளுத்துப்போய், மண்புழுகூட இல்லாமல் கிடந்தது. ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போனேன். தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலைக்கு வந்தபோது சுருள் தடித்தது. இழுத்துப் பார்த்தேன். அங்கே ஓரம் உள்ளே மடிந்திருந்தது. மடிப்பைப் பிரித்தேன். இரண்டு விரல் அகலம். நீளம் ஒரு முழம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் குழாய் இடைஞ்சலாக இருந்ததால் கத்தரிக்கோலைத் திருப்பச் சோம்பல்பட்டு, அந்தக் கடைசி ஒரு முழத்தை வெட்டாமல் உள்ளே மடித்துவிட்டேன். அதை நானே மறந்துவிட்டேன். பதினெட்டு அடி என்று கணக்குப் போட்டவன், தான் வெட்டியது பதினாறரை அடிதான் என்பதை மறந்துவிட்டான். மாடு எதையும் விழுங்கவே இல்லை. இல்லாத ஒரு முழத்தைத்தான் மூன்று பேரும் ஒரு நாள் முழுக்க வயிற்றில் சுமந்தோம். அக்கா மூன்று வாரம் சுமந்தார்.

மடிந்த அந்த ஓரத்தை வெட்டியெடுத்துக்கொண்டு கீழே ஓடினேன், மறுபடியும் செருப்பில்லாமல். அக்கா மலைக்குப் போகவில்லை. கூடை வாசலில் கவிழ்த்தபடி கிடந்தது. அவர் கன்றுக்குட்டியைத் தாயின் மடியில் ஊட்டவிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், மடிப்பு, கணக்கு. நாடாவை அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதை வாங்கித் தன் முழங்கையில் வைத்து விரல் நுனிவரை அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"பிளாஸ்டிக்க பூராவும் கழட்டிட்டேன் அக்கா. கான் ஓரத்துல கொட்டுன புல்லு இன்னும் உசுரோட இருக்கு. இன்னிக்கே திருப்பி நட்டுர்றேன். பழையபடி சாக்குல போட்டுக் கேட்டுல மாட்டுறேன், உள்ள ஒரு பகடியும் இருக்காது. என்னாக்கா, சரியா?"

அக்கா கன்றின் வாயை அடுத்த காம்புக்கு மாற்றிவிட்டார்.

"மொதல்ல மொளைக்கட்டும் சேர்."